இராயபுரம் முதல் பழவேற்காடு வரை கரையோர நடை: ஒரு நிகழ்வு ஆய்வு

ஐந்து பேர் கிளம்பினார்கள். மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். வயது 26 முதல் 51 வரை. ஐவரும் வாரத்தில் நாலைந்து நாள் நடக்கிற பழக்கம் உள்ளவர்கள். மாசிப் பௌர்ணமியை ஒட்டி இராயபுரம் ரயில் நிலையத்தில் தொடங்கி, கரையை விடாமல் வடக்கே நடந்து, பழவேற்காடு கலங்கரை விளக்கத்தில் முடிப்பது திட்டம். கைப்பேசி வரைபடத்தில் கோடு போட்டபோது 42 கிலோமீட்டர் வந்தது. நாளுக்கு 14 என்று மூன்றால் வகுத்துக்கொண்டார்கள்.

முடிந்தது நாலாம் நாள் மதியம். நடந்த தூரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கடைசி வரை போய்ச் சேர்ந்தவர்கள் மூன்று பேர்தான். ஒருவருக்கு முதல் நாளே கணுக்கால் பிசகியது. இன்னொருவர் இரண்டாம் நாள் மதியம் குமட்டலும் தலைசுற்றலுமாக வீடு திரும்பினார். உயிருக்கு ஆபத்து எதுவும் வரவில்லை. ஆனால் இந்த நாலு நாளில் தவறிய ஒவ்வொன்றும் கிளம்புவதற்கு முன்பே கணித்திருக்கக் கூடியது. அதனால்தான் இதை வரிசையாக எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

கிலோமீட்டரை மூன்றால் வகுத்ததே முதல் பிழை. இந்தக் கரையில் ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் காலடியில் இருக்கும் தரைதான் முடிவு செய்கிறது. அலை நனைத்த இறுகிய மணலில் மணிக்கு 4 கிலோமீட்டர் போகலாம். கால் புதையும் காய்ந்த மணலில் 2 முதல் 2.5, சமதரையில் நடப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் உடல் உழைப்பு போகும். கற்குவியல் மேல் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோமீட்டரே அதிகம்.

எந்த இடத்தில் எந்தத் தரை வரும் என்பதற்கு இங்கே ஒரு விதி உண்டு. ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து சாய்ந்து வரும் அலைகள் மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் அதே மணல் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். கடலுக்குள் ஒரு கற்சுவரை நீட்டினால் இந்த ஓட்டம் தடைபடும். சுவருக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை தேயும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் கட்டிய பிறகு மெரினா அகன்றுகொண்டே போனதும், இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் வீடுகளைத் தின்றதும் ஒரே காரணத்தால்தான். இந்தப் பாதையில் பெரிய துறைமுகங்கள் மூன்று: சென்னை, எண்ணூரில் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி. துறைமுகத்துக்குத் தெற்கே மணல், வடக்கே கல் அல்லது அரிப்பு. இந்த ஒரு வரியைக் கையில் வைத்திருந்தால், முதல் நாள் துறைமுகத்துக்கு நேர் வடக்கே தொடங்கும் நடைக்கு 14 கிலோமீட்டர் என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

முதல் நாள்: கல்

காலை 6 மணிக்குக் கிளம்பினார்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிகாலை ஏலம் முடியும்வரை மீன்பாடி வண்டியும் ஐஸ் லாரியும் கூடையும் ஆளுமாக இருக்கும். முதுகுப் பையோடு அதற்குள் நுழைவது நமக்கும் சிரமம், வேலை செய்கிறவர்களுக்கும் இடைஞ்சல். வெளிச்சாலையில் சுற்றிப் போனார்கள். அது சரியான முடிவு.

அதற்கு வடக்கே எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிக் கடலரிப்புத் தடுப்புக் கற்சுவர் வருகிறது. 'கரையை விடாமல்' என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டு அதன்மேல் ஏறி நடந்தார்கள். சுமார் 3 கிலோமீட்டருக்கு 2 மணி 40 நிமிடம் ஆனது. அந்தப் பாறைகள் அசைவதில்லை. ஆபத்து அவற்றின் இடுக்கில். அறுந்த வலையும் பிளாஸ்டிக்கும் இடுக்குகளில் அடைந்து, மேலே மணல் படிந்து, பார்க்கச் சமதரைபோல் இருக்கும். அப்படியொரு வலைப் பொதியின் மேல் கால் வைத்தவருக்குத்தான் முழங்கால் வரை உள்ளே போய்க் கணுக்கால் திரும்பியது. அலை படும் கீழ்வரிசைக் கற்களில் பச்சைப் பாசி இருக்கும். அங்கே எந்த ஷூவும் பிடிக்காது.

கணுக்கால் பிசகினால் அங்கேயே பார்க்க வேண்டியது இது: நாலு எட்டு எடுத்து வைக்க முடிகிறதா? கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா? எட்டு வைக்க முடியாவிட்டாலோ, எலும்பில் வலி இருந்தாலோ எக்ஸ்ரே எடுத்தே தீரவேண்டும். ஷூவைக் கழற்றி, கிரேப் பேண்டேஜை விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றி, காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். இந்தப் பகுதியில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. மீன்கடையில் கேட்டால் ஒரு பை நிறையக் கொடுப்பார்கள். தோலில் நேரடியாக வைக்கக் கூடாது. அவரால் எட்டு வைக்க முடிந்தது. ஆட்டோவில் மெட்ரோ நிலையத்துக்குப் போய் வீடு சேர்ந்தார். அவருடைய பையில் இருந்த பொதுச் சாமான்களை மற்ற நால்வரும் பிரித்துக்கொண்டதால் எல்லோருக்கும் சுமை கூடியது. இதன் விளைவு மூன்றாம் நாள் தெரிந்தது.

இந்த நீளத்தில் செய்ய வேண்டியது எளிது. சாலையில் நடக்க வேண்டும், அதுவும் கடல்பக்க ஓரத்தில். வடக்கே போகும்போது அது வலது ஓரம். எதிரே வரும் கன்டெய்னர் லாரி கண்ணுக்குத் தெரியும். இடது ஓரத்தில் போனால் லாரி முதுகுக்குப் பின்னால் வரும். தூசிக்கு முகக்கவசம் தேவை. கடலைப் பார்க்க ஆசைப்பட்டால் தூண்டில் வளைவுகளில், அதாவது மணலைப் பிடிக்கக் கடலுக்குள் நீட்டிய சிறு கற்சுவர்களுக்குப் பக்கத்தில், இறங்கலாம். துறைமுகத்தின் விதி அங்கேயும் சிறிய அளவில் நடக்கிறது: ஒவ்வொரு வளைவுக்கும் தென்புறம் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கும், அடுத்த வளைவை நெருங்கும்வரை அதில் நடக்கலாம். வளைவின் மேல் ஏறித் தாண்ட முயலாமல் சாலைக்குத் திரும்பி, அதைக் கடந்து மறுபடி இறங்க வேண்டும். மதிய ஓய்வுக்குத் திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி இருக்கும் இடம் நல்லது. கரைக்குப் பக்கம், பையை இறக்கி ஒரு மணி நேரம் உட்கார மனம் தானாக அமைதிப்படும். அருகே தெருவோரத்தில் கேழ்வரகுக் கூழ் கிடைத்தால் வெயிலுக்கு அதைவிடச் சிறந்த மதிய உணவு இல்லை: நீரும் உப்பும் மாவும் ஒரே சொம்பில்.

அன்று எர்ணாவூரோடு நின்றார்கள். நடந்தது 9 கிலோமீட்டர். கூடாரம் போட நினைத்த நெட்டுக்குப்பத்துக்குப் போக முடியாமல் உறவினர் வீட்டில் இரவு.

இந்தத் தொழிற்பகுதியில் தங்குவோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருக்கத்தில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, சுற்றுக் குப்பங்களில் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கண் எரிச்சலோடு சிறுநீர் நெடி அடித்தால் சாமானை எடுக்க நிற்கக் கூடாது. நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலக வேண்டும். காற்றோடு சேர்ந்து ஓடினால் வாயுவும் கூடவே வரும். இரவில் படுக்கும்முன் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து வைப்பது ஒரு நிமிட வேலை.

இரண்டாம் நாள்: முகத்துவாரம்

எர்ணாவூரிலிருந்து சின்னக்குப்பம், பெரியகுப்பம், தாழங்குப்பம் வழியாக நெட்டுக்குப்பம் 6 கிலோமீட்டர். காலை 9 மணிக்கு முகத்துவாரத்தில் நின்றார்கள். செயற்கைக்கோள் படத்தில் வாயின் குறுக்கே மணல்திட்டு தெரிந்திருந்தது. இறங்கிக் கடந்துவிடலாம் என்பது கணக்கு. அங்கே போனால் ஓடும் தண்ணீர். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இந்த வாய் மாதத்துக்கு மாதம் உருமாறுகிறது: மழையில் திறக்கும், கோடையில் மணலால் அடையும், தூர்வாரினால் மறுபடி ஆழமாகும். எந்தப் படமும் எடுத்த நாளுக்கு மட்டுமே உண்மை.

இடுப்பளவுதான் என்று யார் சொன்னாலும் முகத்துவாரத்தில் இறங்கக் கூடாது. வற்றும் நேரத்தில் காயலின் தண்ணீர் முழுவதும் இந்த ஒடுங்கிய வாய் வழியாகக் கடலுக்குப் போகும். அடியில் மணல் நகரும். முழங்காலுக்கு மேல் வேகமான ஓட்டம் இருந்தாலே பையோடு நிற்பது கடினம். இவர்கள் இறங்கவில்லை. ஆனால் காத்திருந்தும், படகு கேட்டுப் பார்த்தும் இரண்டு மணி நேரம் வீணானது. காலை 9 மணிக்கு ஃபைபர் படகுக்காரர்கள் மீனை இறக்கி வலையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அது அவர்களுடைய வருமானத்துக்கான நேரம். படகு வேண்டுமென்றால் முந்தின நாளே ஆள் பார்த்துப் பேசிவைக்க வேண்டும்.

கடந்திருந்தாலும் பயனில்லை. மறுபக்கம் கொஞ்ச தூரத்திலேயே காமராஜர் துறைமுகத்தின் எல்லை. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். இரண்டும் பாதுகாக்கப்பட்ட இடங்கள். கரையோரம் நடக்க வழியில்லை. காமராஜர் துறைமுகம் 2001 முதல் இயங்குகிறது. கால் நூற்றாண்டாக இல்லாத ஒரு கரையைத் திட்டத்தில் வைத்திருந்தார்கள். எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் இடையே கரையோர நடை என்று ஒன்று இல்லை. ஆற்றுப் பாலம் வழியாக உள்ளே வந்து, வட சென்னை அனல்மின் நிலையத்தை ஒட்டி, துறைமுகச் சாலையில் வடக்கே போவதுதான் வழி. சாலையில் நடக்கவும் அடையாள அட்டை கையில் இருப்பது நல்லது. துறைமுகத்தையும் மின்நிலையத்தையும் படமெடுக்கக் கூடாது. தடுத்து விசாரித்தால் பாதி நாள் போய்விடும்.

பாலத்திலிருந்து பார்த்தால் ஆற்றோரம் சாம்பல் நிறத்தில் காய்ந்த வெளிகள் குறுக்குவழிபோல் தெரியும். மின்நிலையச் சாம்பல் படிந்த இடங்கள் அவை. மேலே ஓடுபோல் காய்ந்திருக்கும், கீழே சேறு. கால் வைக்கக் கூடாது.

இவர்கள் நெட்டுக்குப்பத்திலிருந்து திரும்பிப் பாலம் ஏறும்போது மணி 11. நிழலில்லாத சாலை. ஒரு மணியளவில் அத்திப்பட்டு புதுநகர் சேர்ந்தபோது 51 வயதுக்காரருக்குக் குமட்டல், தலைவலி, அடங்காத தாகம். காரணம் வெயில் மட்டுமல்ல. காலையிலிருந்து நாலு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் குடித்திருந்தார், ஒவ்வொன்றையும் அரை லிட்டர் பாட்டிலில் கரைத்து. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படியான பெரிய பொட்டலம் ஏறத்தாழ 20.5 கிராம், அது ஒரு லிட்டர் தண்ணீருக்கு உரியது. பாதித் தண்ணீரில் கரைத்தால் சர்க்கரையும் உப்பும் இரட்டிப்பாகி, குடலே உடலிலிருந்து தண்ணீரை இழுக்கத் தொடங்கும். தாகம் தீராது, வயிறு புரளும். அவர் அதைத் தாகம் என்று நினைத்து மறுபடி அதையே குடித்தார். நாலு கிராமுக்குச் சற்று அதிகமாக வரும் சிறு பொட்டலம் 200 மில்லிக்கு. இரண்டையும் குழப்பாமல் இருக்க ஒரு லிட்டர் பாட்டில் மட்டுமே எடுத்துப் போக வேண்டும். பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி. வெயிலில் நடக்கும்போது மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் நீர் தேவை. அதில் மூன்றில் ஒரு பங்கு ஓ.ஆர்.எஸ்., மீதி வெறும் தண்ணீர் போதும்.

நிழலில் படுக்கவைத்து, சட்டையை நனைத்து விசிறி, வெறும் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்ததில் ஒரு மணி நேரத்தில் தெளிந்தார். பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ காத்திருக்காமல் 108-ஐ அழைத்திருக்க வேண்டும். அத்திப்பட்டு புதுநகரிலேயே மின்ரயில் நிலையம் இருந்தது பெரிய உதவி. துணைக்கு ஒருவர் சென்னை வரை போய், மற்ற இருவரும் இரவு தங்கிய மீஞ்சூருக்குத் திரும்பி வந்து சேர்ந்துகொண்டார்.

மூன்றாம் நாள்: பௌர்ணமி

மூன்று பேர், ஆளுக்கு 11 கிலோ பை. புதுநகரிலிருந்து துறைமுகச் சாலை வழியே காட்டுப்பள்ளி, பிறகு காளாஞ்சி. மொத்தம் 17 கிலோமீட்டர். அதில் கடைசி 4 மட்டும் கடற்கரை.

குடிநீர் இங்கே கவனம் கேட்கும். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அடிபம்பில் வருவது கரிக்கும். கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2010-இல் வந்தது இதே காட்டுப்பள்ளியில்தான். ஆனால் நடப்பவனுக்கு லாரி ஓட்டுநர்களுக்கான டீக்கடைகளில்தான் தண்ணீர் கிடைக்கும். அங்கே 3 லிட்டர் நிரப்பிக்கொள்ளாமல் தாண்டக் கூடாது.

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வடக்கே கரை தேய்ந்திருந்தது, விதி மாறவில்லை. சில இடங்களில் ஒரு ஆள் உயரத்துக்கு மணல் செங்குத்தாக வெட்டுண்டு, சவுக்கு வேர்கள் தொங்கின. அலை அடிவரை வந்ததால் நடக்க ஈரமணலே இல்லை. மேலே ஏறினால் இராவணன் மீசைப் புல். அரைக்கால் சட்டை போட்டவரின் கெண்டைக்கால் முழுவதும் கீறல். அடப்பங்கொடி படர்ந்த இடத்தில் மணல் ஓரளவு இறுகியிருக்கும். புல் வேண்டாம், கொடியைத் தேடி நடப்பது நல்லது.

ஈரமணல் கிடைக்காததற்குப் பௌர்ணமியும் ஒரு காரணம். நிலவொளிக்காக அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சென்னைக் கரையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர் ஏற்றம் ஏறத்தாழ காலை 8, 9 மணிக்கு. வற்றுவது பிற்பகல் 2, 3 மணிக்கு. அதாவது நடக்க உகந்த காலையில் இறுகிய மணல் தண்ணீருக்குள் இருக்கும், அது வெளியே வரும்போது வெயில் மண்டையைப் பிளக்கும். அஷ்டமி, நவமியில் இது தலைகீழ்: காலை 8 மணி வாக்கில் வற்று, அதோடு ஏற்ற இறக்கமும் குறைவு. சென்னையில் பௌர்ணமிக்குக்கூட நீர்மட்டம் ஒரு மீட்டர் அளவுக்கே ஏறி இறங்கும். ஆனால் பத்துக்கு ஒன்று என்ற சரிவுள்ள கரையில் அந்த ஒரு மீட்டர் பத்து மீட்டர் அகல நடைபாதையை விழுங்கிவிடும். நல்ல காரியத்துக்கு அஷ்டமி நவமியை ஒதுக்குவது வழக்கம். கரையோர நடைக்கு அவையே ஏற்ற நாட்கள்.

அன்று மாலை இருவருக்கு இடது இடுப்பிலும் வலது முழங்காலின் வெளிப்புறத்திலும் வலி. வடக்கே போகிறவருக்குக் கடல் எப்போதும் வலப்புறம். வலக்கால் எப்போதும் தாழ்ந்தே ஊன்றும். நீந்தத் தெரியாதவர் கடலைத் தவிர்ப்பதுபோல் இந்தச் சரிவைத் தவிர்க்க முடியாது, ஆனால் விட்டுவிட்டு நடக்கலாம்: அரை மணிக்கு ஒருமுறை மேட்டின் சமதளத்துக்கோ குப்பத்துச் சாலைக்கோ ஏறி பத்து நிமிடம் போனால் இடுப்பு நேராகும்.

குதிகால் கொப்புளம் மூவருக்கும் வந்தது. வலைத்துணி ஷூவுக்குள் நுண்மணல் புகுந்து, அலையில் நனைந்த காலுறையோடு சேர்ந்து உரசியதன் பலன். கிளம்பும்முன்பே குதிகாலிலும் சுண்டுவிரலிலும் ஒட்டும் பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். ஓரிடம் சூடாகத் தெரிந்தால் அடுத்த குப்பம் வரட்டும் என்று தள்ளாமல் அங்கேயே உட்கார்ந்து ஒட்ட வேண்டும். கொப்புளம் எழும்பிவிட்டால், நெருப்பில் காட்டி ஆறவைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, தோலை உரிக்காமல் மேலே மூடினால் மறுநாள் நடக்கலாம். உள்ளங்காலில் ஒட்டிய தார் உருண்டைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போதும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும்.

இரவு தங்குவதற்கு முன் குப்பத்து ஊர்ப் பெரியவரிடம் போய்க் கேட்டார்கள். "அண்ணே, ஒரு ராத்திரி இங்க படுத்துக்கலாமா" என்ற ஒரு கேள்விக்கு இடமும் தண்ணீரும் கருவாட்டுக் குழம்பும் கிடைத்தது. கேட்காமல் கூடாரம் போட்டிருந்தால் அந்நியர் நடமாட்டம் என்று காவல்நிலையத்துக்குத் தகவல் போயிருக்கும், அதில் தவறும் இல்லை. காயும் வலையைச் செருப்புக் காலோடு மிதிக்கவோ தாண்டவோ கூடாது; சுற்றிப் போக வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும் காலம். கொடி படர்ந்த வரிக்குக் கீழே படுக்கக் கூடாது, வெள்ளை டார்ச்சைக் கடல் பக்கம் அடிக்கக் கூடாது. விளக்குக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டினால் நமக்கு வழி தெரியும், ஆமைக்கும் தொந்தரவு குறையும்.

நாலாம் நாள் கருங்காலி வழியாகப் பத்துக் கிலோமீட்டர். வெள்ளென 5.30-க்கே கிளம்பி, தண்ணீர் ஏறும்முன் பாதியைக் கடந்தார்கள். மதியம் கலங்கரை விளக்கம்.

திருத்திய திட்டம்

இதே நடையை மறுபடி போடுவதாக இருந்தால், தை, மாசியில் வளர்பிறை அல்லது தேய்பிறை அஷ்டமியை நடுநாளாக வைக்கலாம். முதல் நாள் இராயபுரம் முதல் நெட்டுக்குப்பம் வரை 15 கிலோமீட்டர், முழுக்கச் சாலையும் தூண்டில் வளைவு மணலும். மாலை எண்ணூர் நிலையத்தில் ரயிலேறி வீடு. இரண்டாம் நாள் எண்ணூரிலிருந்து காட்டுப்பள்ளி, 14 கிலோமீட்டர், வெயில் ஏறும்முன் முடியும்படி 5.30-க்குத் தொடக்கம். இரவு மட்டும் அங்கே, முன்கூட்டிக் கேட்டுவைத்த இடத்தில். மூன்றாம் நாள் காலை வற்றில் பழவேற்காடு வரை 12 கிலோமீட்டர். ஒரே ஒரு இரவு வெளியே என்பதால் கூடாரமும் அடுப்பும் தேவையில்லை. பை 11 கிலோவிலிருந்து ஐந்தரைக்கு இறங்கும்; அதில் 3 கிலோ தண்ணீர்.

கிளம்பும் முந்தின நாள் செய்திகளில் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் தள்ளிப்போட வேண்டும். வானம் தெளிவாக இருக்கும்போதே வரும் கள்ளக்கடல் (தொலைதூரக் கடலில் எழுந்து வந்து கரையில் ஏறும் பேரலை) எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். வெட்டுண்ட காளாஞ்சிக் கரையில் அந்த நாளில் ஒதுங்க இடமில்லை. கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டும் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

கலங்கரை விளக்கத்திலிருந்து பாலம் தாண்டினால் பழவேற்காடு ஊர். 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் எச்சமும், எலும்புக்கூட்டுச் சிற்பம் வைத்த அவர்களுடைய கல்லறைத் தோட்டமும் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. பொன்னேரிக்குப் பேருந்து, அங்கிருந்து மின்ரயில். பிற்பகல் வெயிலில் ஏரிக்கரையில் காத்திருப்பதற்குப் பதில், ஷூவைக் கழற்றிக் காலைக் கழுவிக் காயவைத்துச் செருப்புக்கு மாறிக்கொண்டு பேருந்தில் ஏறுவது நல்லது. கொப்புளம் சீழ்ப்பிடிப்பது பெரும்பாலும் இந்தத் திரும்பும் பயணத்து ஈரக் காலுறையில்தான்.